அணையை உடைத்தது யார்?



சுரங்க முதலாளிகள் போட்டுவைக்கும் மண் அணைகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லுகிறோம். சுரங்கத்தில் வெட்டியெடுத்ததைக் கழுவிச் சரக்கைப் பிரித்த பிறகு, சேறும் தண்ணீருமாகக் கழிவு மிஞ்சுகிறது. அதைத் தேக்கிவைக்கப் பள்ளத்தாக்கின் குறுக்கே கரை போடுகிறார்கள். பல இடங்களில் அந்தக் கழிவையே கொட்டிக் கரையாக்கிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பிட்ஸ்டன் என்னும் நிலக்கரிக் கம்பெனியின் கிளைக் கம்பெனியார் இப்படி அணைகள் போட்டார்கள். மூன்றாவது அணை கெட்டித் தரைமேல் நிற்கவில்லை. முந்தின அணை தேக்கிய சேற்றின்மேல் நின்றது. நம் ஏரிக்குக் கலிங்கு இருப்பதுபோல, மிஞ்சிய தண்ணீர் வெளியேற அதற்குத் தக்க வழியும் இல்லை. 1972 பிப்ரவரி 26-ந் தேதி காலை, மழைக்குப் பின் அது உடைந்தது. 125 பேர் மாண்டார்கள். சுமார் 4,000 பேர் வீடிழந்தார்கள். நான்கு நாள் முன்புதான் சர்க்கார் பரிசோதகர் பார்த்துவிட்டுத் "திருப்தி" என்று எழுதிப் போயிருந்தார்.

கம்பெனித் தரப்பார் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? "இது கடவுள் செயல்" என்றார்கள்! மழை பெய்தது வாஸ்தவம். ஆனால் சேற்றின்மேல் அணை போடும்படி மழையா சொல்லிற்று? லாபம் வந்த நாளில் கடவுளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்காதவர்கள், பிணம் விழுந்த நாளில் மாத்திரம் பொறுப்பை அவர் தலையில் கட்டுவது என்ன யோக்கியதை? ஜனங்கள் இதை ஒப்பவில்லை. தப்பியவர்களில் அறுநூறு பேருக்கு மேல் வழக்காடி, 1974-ல் கம்பெனியிடமிருந்து 1 கோடியே 35 லட்சம் டாலர் வாங்கினார்கள்.

தோழர்களே! இந்த அணைகளைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. அணை உறுதியாயிருக்கிறதா என்பது ஒன்று. உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பது மற்றொன்று. அமெரிக்காவில் அணைகளை மூன்று அபாய வகுப்பாகப் பிரிப்பது இரண்டாவது கேள்வியைக் கொண்டுதான். உடைந்தால் பெரும்பாலும் சொந்தக்காரன் சொத்தே கெடுமானால் தாழ்ந்த வகுப்பு. உயிர் போகாது, ஆனால் பிறர் சொத்து கெடுமென்றால் நடுவகுப்பு. ஓர் உயிராவது போகக்கூடுமென்றால் உயர்ந்த வகுப்பு. ஆகவே எவ்வளவு நன்றாய்க் கட்டிய அணையானாலும் கீழே வீடுகள் இருந்தால் அது உயர்ந்த அபாய வகுப்பே. நேற்றுக் காடாயிருந்த இடத்தில் இன்று வீடு எழும்பினால் வகுப்பும் மாறத்தான் வேண்டும்.

இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசில் தேசமே சாட்சி. புருமாதின்யு என்ற ஊரில் வாலே கம்பெனியின் இரும்புச் சுரங்க அணைக்கு, உடைந்தால் நேரும் சேதம் "அதிகம்" என்றும், உடையும் அபாயம் "குறைவு" என்றும் பதிவாகியிருந்தது. கம்பெனி கூலி கொடுத்து அமர்த்திய பரிசோதகர்களே "உறுதியாயிருக்கிறது" என்று சான்று கொடுத்தார்கள். அதை நம்பி, அணைக்கு நேர் கீழேயே தொழிலாளர் சாப்பாட்டுக் கூடமும் ஆபீசும் நடந்தன. 2019 ஜனவரி 25-ந் தேதி நடுப்பகலில் அணை சரிந்தது. 270 பேர் மாண்டார்கள்.

அணை முதலாளியின் சொத்தாயிருக்கலாம். கீழே இருக்கும் உயிர்கள் அவன் சொத்தல்ல. ஆதலால் அணைக்குக் கீழே குடியிருப்பவர் எந்த நாட்டாராயினும் கேட்க வேண்டியவை இவை: இது எந்த வகுப்பு? வகுத்தவர் யார்? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? உடைந்தால் சேறு எங்கள் வாசலுக்கு வர எத்தனை நிமிஷம்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் "பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லுகிறவனை நம்பித் தூங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.