கண்ணும் மின்சாரமும்



மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்குச் சில சொற்களின் குறை வெகுநாள் கழித்தே புலனாகிறது. 'ரெட்டினா' என்பதை விழித்திரை என்று நாம் பன்முறை எழுதியிருக்கிறோம். நல்ல சொல்தான். ஆயினும், திரை என்றவுடன் மனத்தில் எழுவது என்ன? படம் வந்து விழ, தான் யாதொன்றும் செய்யாது தொங்கும் வெண்துணி அன்றோ? கண்ணின் பின்புறத்தில் அமைந்த அந்த மெல்லிய சவ்வோ அத்தகையதன்று. தன்மேல் விழும் ஒளியை அது மின் அதிர்வாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. அந்த மின்சாரத்தை அளந்து கண்நோயை அறியும் முறையைப் பற்றியும், அம்முறை இன்று கையில் அடங்கும் ஒரு கருவியாக வந்திருப்பதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இவ்விஷயத்தில் நமக்கு நாட்டம் உண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. டில்லியில் நாம் வசிக்கும் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு பையன். பகலெல்லாம் மற்றப் பிள்ளைகளோடு பந்தாடுவான். அந்தி சாய்ந்தால் வாசலை விட்டு நகரான். மாலை வேளையில் மலை மந்திர்ப் படிகளில் இறங்கும்போது தகப்பனார் கையை இறுகப் பற்றிக்கொள்வான். பயந்தாங்கொள்ளி என்று பிள்ளைகள் கேலி செய்தனர். நாமும் ஒருமுறை உடன் சிரித்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வந்த பாட்டியார், "இது மாலைக்கண்" என்று சொல்லி, நாள்தோறும் முருங்கைக்கீரை சமைத்துப் போட்டார். கண்ணாடிக் கடையிலோ, பையன் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டான். மருத்துவர் விழியின் உட்புறத்தை நோக்கியபோதும் தெளிவான மாறுதல் எதுவும் தென்படவில்லை. அங்ஙனமாயின் குறை எங்கே?

கண்ணைப் பார்ப்பது வேறு. கண் வேலை செய்கிறதா என்று கேட்பது வேறு. வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் கம்பிகளெல்லாம் ஒழுங்காக இருக்கலாம். பாட்டுக் கேட்கிறதா என்பது அதனால் விளங்காது. கண்ணிடம் இக்கேள்வியை முதன்முதல் கேட்டவர் ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரத்து உடலியல் அறிஞர் ஹோல்ம்கிரென். 1865ஆம் ஆண்டில், தவளையின் கண்ணில் ஒளி படும்போது மின்சார மாறுதல் ஏற்படுவதை அவர் கண்டார். 1877இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டூவர் மனிதக் கண்ணிலேயே அதை அளந்தார். இன்று நம் வீடுகளில் காப்பியைச் சூடாக வைத்திருக்கும் பிளாஸ்க்குக்கு மூலமான வெற்றிடக் குடுவையை ஆக்கியவரும் இவரே. அந்த மின் அலையைக் கூறுகூறாகப் பிரித்து, எது எங்கே பிறக்கிறது என்று ஆராய்ந்த ராக்னர் கிரானிட், 1967இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1945இல் ஸ்வீடன் மருத்துவர் கார்ப்பே இதை நோயாளிகளுக்குப் பயன்படும் பரிசோதனையாக்கினார்.

இதன் தத்துவம் கடினமானதன்று. விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இருவகை. கோல் போன்றவை சுமார் 12 கோடி. இவை மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு உதவுவன. கூம்பு போன்றவை சுமார் 60 லட்சம். இவை பகலொளிக்கும் வண்ணத்துக்கும் உரியன. கண்ணில் ஒரு மின்னொளி பாய்ந்தால், முதலில் கீழ்நோக்கி ஓர் அலை எழும். அது இவ்வுயிரணுக்களின் விடை. உடனே மேல்நோக்கி ஒரு பெரிய அலை எழும். அது இவற்றிடமிருந்து செய்தியை வாங்கும் அடுத்த அடுக்கின் விடை. இருட்டில் பழகிய கண்ணுக்கு மிக மங்கிய ஒளியைக் காட்டினால் கோல்கள் மட்டும் பேசும். வினாடிக்கு 30 முறை ஒளியைச் சிமிட்டினால், அவ்வேகத்தைக் கோல்களால் பின்தொடர இயலாது. ஆதலால் கூம்புகள் மட்டும் பேசும். இவ்வாறு யார் பேசுகிறார், யார் மௌனம் சாதிக்கிறார் என்று பிரித்தறியலாம்.

முற்காலத்தில் இப்பரிசோதனை எளிதாக இல்லை. பாவையை விரிக்கும் சொட்டு மருந்து, கருவிழிமேல் பொருத்தும் வில்லை, தலையை நுழைக்கும் பெரிய கிண்ணம் இவையெல்லாம் வேண்டும். சிறு குழந்தைகளாயின் பலவேளை மயக்க மருந்தும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே இது பெருநகர மருத்துவமனைகளிலேயே தங்கியிருந்தது. இப்பொழுதைய கைக்கருவியில், கண்ணுக்கு மேல் எதையும் வைப்பதில்லை. கீழ் இமைக்குக் கீழே தோலில் ஒரு சிறு பட்டையை ஒட்டுவார்கள். சிறு கிண்ணம் பொருந்திய கருவியைக் கண்ணெதிரே பிடிப்பார்கள். உள்ளிருக்கும் காமிரா பாவையின் அளவைக் கண்டு, அதற்கேற்ப ஒளியைக் கூட்டிக் குறைக்கும். ஆகையால் பல சமயங்களில் சொட்டு மருந்தும் தேவையில்லை. தோலில் கிடைக்கும் மின்சாரமோ மிக நுண்ணியது; வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கத்தக்கது. பலமுறை ஒளியைக் காட்டி, விடைகளைச் சேர்த்துச் சராசரி கண்டு, இரைச்சலிலிருந்து அதைக் கருவி பிரித்தெடுக்கிறது.

நீரிழிவு உள்ளவர்க்கும் இதனால் பயன் உண்டு. நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சிமிட்டும் ஒளிக்குக் கூம்புகளின் விடை சுமார் 25 மில்லி வினாடியில் வருவது இயல்பு. நீரிழிவினால் விழித்திரை கெடத் தொடங்கினால் அவ்விடை தாமதப்படும். பார்வை மங்குவதற்கு முன்பே இத்தாமதம் தெரியக்கூடும்.

ஆயினும், கருவியைக் கண்டு மயங்கவும் கூடாது. இது விழித்திரை முழுவதற்கும் சேர்ந்த ஒரு விடையையே தருகிறது. மையத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் கெட்டால், மொத்த விடை சரியாகவே தோன்றலாம். கண் அழுத்த நோயில் பழுதுறும் நரம்பணுக்களின் செய்தி இதில் எளிதில் அகப்படாது. மருத்துவர் கண்ணை நோக்குவதற்கும், விழித்திரையைப் படம் எடுப்பதற்கும் இது துணையேயன்றி மாற்றன்று.

இனி அப்பையனிடம் வருவோம். கோல்களின் விடையை அறிய இருட்டுப் பழக்கம் இன்றும் வேண்டும். 20 நிமிஷம் இருட்டறையில் அவன் தாயார் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பரிசோதனை. கூம்புகளின் விடை சற்றுக் குறைந்திருந்தது. கோல்களின் விடை ஏறத்தாழ இல்லவே இல்லை. வைட்டமின் ஏ குறைவிலும் கோல்கள் இப்படி அடங்கிவிடும். அக்குறையைத் தீர்த்தால் மீளும். ஆதலால் இரத்தத்தையும் பார்த்தார்கள். அதில் குறையில்லை. பாட்டியார் நோய்க்குச் சொன்ன பெயர் சரி, காரணம் வேறு. இது பரம்பரையாக வருவது. பெற்றோர் இருவரும் மாமனும் அக்காள் மகளும். இருவரும் கண்ணில் குறையில்லாதவர்கள். ஆயினும், குடும்பத்தில் மறைந்துகிடந்த ஒரே குறை இரு வழியாகவும் வந்து பிள்ளையிடம் கூடியிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். உறவு விட்டுப்போகக்கூடாது என்று நம்மவர் செய்யும் மணத்தில் இந்த அபாயம் மிகுகிறது என்பதை மறைப்பதில் பயனில்லை.

இத்தகைய நோய்கள் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் தீர்வு இல்லை. ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறைக்கு மட்டும் 2017இல் அமெரிக்காவில் மரபணு மருத்துவம் அங்கீகரிக்கப்பட்டது. அங்ஙனமாயின் அறிந்ததனால் என்ன லாபம் என்று அத்தகப்பனாரும் கேட்டார். லாபம் உண்டு. பயனற்ற மருந்துகளுக்குப் பணம் கரைவது நின்றது. தங்கையின் கண்ணையும் காலத்தோடு பரிசோதித்தார்கள், அவளுக்குக் குறையில்லை. பள்ளிக்கூடத்தில் வெளிச்சமான இடத்தில் அவனை உட்கார வைத்தார்கள். இன்று அவன் மாலையில் கையில் டார்ச் விளக்குடன் வெளியே வருகிறான். அவனைக் கேலி செய்த பிள்ளைகளே அவனுக்காகப் படியருகே காத்து நிற்கிறார்கள்.

வேற்றூரில் வாழும் நமக்கு, பிள்ளையின் குறையைக் கண்டு சொல்லப் பெரியவர்கள் எப்போதும் அருகில் இருப்பதில்லை. ஆதலால், அந்தி வேளையில் தடுமாறும் குழந்தையைக் கடிந்துகொள்வதற்கு முன், அதன் கண்ணை ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம்.