கண்ணகி விலக்கிய குழந்தை



துரோகமும் பழியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பாரதத்தில் தொடங்கினால் விடிய விடியப் பேசலாம். நான் ஒரே ஒரு நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அலெக்சாண்டர் டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ பிரபு'. 1844 ஆகஸ்டில் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராகத் தொடங்கி 1846 ஜனவரியில் முடிந்த கதை. சிறை, புதையல், மாறுவேடம், கொடுத்த அடிக்குத் திருப்பி அடி என்று நாம் திரையில் பார்த்த எத்தனையோ படங்களுக்கு இதுதான் தாய்வீடு.

அந்தத் துரோகம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மார்சேய் துறைமுகம், 1815. எட்மண்ட் டான்டெஸ், பத்தொன்பது வயது மாலுமி. கப்பல் தலைவன் பதவி கைக்கு வரப்போகிறது. மெர்செடிஸ் என்கிற பெண்ணோடு கல்யாணமும் நிச்சயம். அதே ஊரில் ஒரு மதுக்கடைப் பந்தலின் கீழ் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கப்பல் கணக்கன் டாங்லார் இடது கையால் எழுதுகிறான், கையெழுத்தை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. 'இவன் நெப்போலியனின் ஆள்' என்று ஒரு மொட்டைக் கடிதம். எழுதி முடித்ததும், சும்மா வேடிக்கைக்கு என்று சொல்லிக் கசக்கி மூலையில் எறிந்துவிட்டுக் கிளம்புகிறான். மெர்செடிஸ் மேல் ஆசை வைத்த ஃபெர்னாண்ட் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறான். மூன்றாமவன் காதரூஸ், குடிபோதையில் எல்லாவற்றையும் பார்த்தவன். மறுநாள் நிச்சயதார்த்த விருந்திலேயே டான்டெஸைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். போதை தெளிந்த காதரூஸுக்கு எல்லாம் புரிகிறது. பயத்தில் வாயை மூடிக்கொள்கிறான்.

விசாரிக்கிற வில்ஃபோர் விடுதலை செய்யத்தான் நினைக்கிறான். ஆனால் டான்டெஸ் கப்பலில் கொண்டுவந்த வேறொரு கடிதம் தன் சொந்தத் தகப்பனுக்கு வந்தது என்று கண்டதும், தன் பதவிக்கு ஆபத்து என்று அதை நெருப்பில் போடுகிறான். பையனைக் கடல் நடுவே இஃப் கோட்டைச் சிறைக்கு அனுப்புகிறான். பதினான்கு ஆண்டு! ஒருவரும் கத்தி எடுக்கவில்லை நண்பர்களே. ஒருவன் எழுதினான், ஒருவன் அஞ்சலில் சேர்த்தான், ஒருவன் வாய் திறக்கவில்லை, ஒருவன் ஒரு தாளை எரித்தான். துரோகத்தை இவ்வளவு துல்லியமாகப் பங்கு பிரித்துக் காட்டிய எழுத்தாளன் அரிது.

டூமாவுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அவருடைய தகப்பனார், கரீபியன் தீவில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்து பிரெஞ்சுப் படையில் தளபதியாக உயர்ந்தவர். எகிப்திலிருந்து திரும்பும் வழியில் தென் இத்தாலியில் பிடிபட்டு இரண்டு ஆண்டு சிறையில் கிடந்தார். உடல் நொறுங்கி வீடு திரும்பியவரை நெப்போலியன் அரசு கைவிட்டது. 1806-இல் அவர் இறந்தபோது மகனுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து இந்தக் கதையை எழுதுகிறான்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சிறைக்குள் ஃபாரியா பாதிரியார், டான்டெஸின் கதையைக் கேட்டு, உன்னை மாட்டிவிட்டவர்கள் இன்னின்னார் என்று அவிழ்த்துக் காட்டுகிறார். காட்டிய கையோடு வருந்துகிறார். முன்பு இல்லாத பழியுணர்ச்சியை உன் நெஞ்சில் விதைத்துவிட்டேனே என்கிறார். அந்த விதை முளைத்து மரமாகி என்ன காய்த்தது? சிறையிலிருந்து தப்பி, புதையலை எடுத்து, செல்வந்தப் பிரபுவாகத் திரும்பி வந்த டான்டெஸ், வில்ஃபோர் வீட்டில் நஞ்சைப் பற்றிப் பேசுகிறான். அந்த வீட்டுச் சீமாட்டி அதைக் கேட்டுக்கொள்கிறாள். கொலை மேல் கொலை விழுகிறது. கடைசியில் அவள் தானும் நஞ்சருந்தி, தன் சின்ன மகன் எடுவாருக்கும் கொடுத்துவிடுகிறாள். டான்டெஸ் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் அறைக்குள் ஓடுகிறான். தன்னிடம் இருக்கும் மருந்தையெல்லாம் ஊற்றிப் பார்க்கிறான். பிழைக்கவில்லை. கடவுள் என் பக்கம் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் முதன்முறையாக ஆடிப்போகிறான். கடைசி எதிரி டாங்லாரைக் கொள்ளைக்காரர்களிடம் சிக்கவைத்து, ஒரு கோழிக் கறிக்கு ஒரு லட்சம் பிராங்க் கேட்டுப் பட்டினியால் வாட்டினாலும், உயிரோடு மன்னித்து அனுப்புகிறான். அந்த மன்னிப்பின் விலை ஒரு குழந்தை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணகி நினைவு வருகிறாள். மதுரையை எரிக்கச் சொல்லும்போதும் யாரை விட்டுவிட வேண்டும் என்று அவள் தீக்குச் சொல்கிறாள். அறவோர், முதியோர், பசு, பத்தினிகள், அந்தப் பட்டியலில் குழந்தையும் உண்டு! நெஞ்சு கொதிக்கும் நேரத்திலும் குழந்தையை விலக்கச் சொன்னவள் அவள். அந்த விலக்கைத்தான் டான்டெஸ் சொல்ல மறந்தான்.

ஆனால் சிலப்பதிகாரம் அங்கே நிற்கவில்லை. வஞ்சிக் காண்டத்தில் ஒரு செய்தி வருகிறது. கொற்கையில் இருந்த பாண்டிய மரபின் வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் பலி கொடுத்தான். சிலம்பைத் திருடிக் கோவலன் மேல் பழி போட்டவன் ஒரு பொற்கொல்லன். செத்தது ஆயிரம் பேர். அவர்களுக்கும் உலைக்களமும் வீடும் பிள்ளைகளும் இருந்திருக்கும். கண்ணகி கேட்காத பலி அது. இளங்கோவடிகள் மறைக்காமல் எழுதிவைத்தார். பாண்டியன் அவையில் சிலம்பை உடைக்கும் காட்சிக்குக் கை வலிக்கத் தட்டிய நாம், இந்த ஆயிரம் பேரைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்?

திரை இந்தக் கணக்கைப் பெரும்பாலும் சுருக்கிவிடுகிறது. 1958-இல் ஜெமினி வாசன் எடுத்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' டூமா கதையின் தழுவல்தான். மக்கள் மனதில் நின்றது பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனம். நானும் அந்த நடனத்தின் ரசிகன்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். 2002-இல் வந்த ஹாலிவுட் படத்தில் நாயகனும் மெர்செடிஸும் சேர்ந்துவிடுகிறார்கள். அவள் மகன் ஆல்பர்ட்டை இவனுடைய பிள்ளையாகவே மாற்றிவிட்டார்கள். நாவலில் அந்தத் தாய்க்குக் கிடைப்பது மார்சேயில் ஒரு சின்ன வீடும், கல்யாணத்துக்காக டான்டெஸ் அன்று தோட்டத்து அத்திமரத்தடியில் புதைத்துவைத்த கொஞ்சப் பணமும்தான். புருஷன் ஃபெர்னாண்ட் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு செத்தான். மகன் பட்டாளத்தில் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிறான். அவள் யாருக்கும் துரோகம் செய்தவள் அல்ல. பதினெட்டு மாதம் காத்திருந்து, டான்டெஸ் செத்துவிட்டான் என்று நம்பி இன்னொருவனைக் கட்டிக்கொண்டவள். அவ்வளவுதான் அவள் குற்றம்.

படம் எடுக்கிறவர்களுக்கு இரண்டரை மணி நேரம்தான் இருக்கிறது, விசில் வேண்டும், வசூல் வேண்டும், எனக்குத் தெரியும். அதற்காகவே சொல்கிறேன், இந்தப் புத்தகத்தைச் சுருக்கப் பதிப்பில் படிக்காதீர்கள். சிறுவர்களுக்கான சுருக்கங்கள் பெரும்பாலும் தப்பித்தலையும் புதையலையும் வைத்துக்கொண்டு எடுவாரைத் தூக்கிவிடுகின்றன.

சுவரோரம் நிற்கும் பிள்ளைகளே, முழு நாவலைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். கூடவே சிலம்பின் வஞ்சிக் காண்டத்தையும் உரையோடு படியுங்கள், மதுரை எரிந்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் நான் பேசப் போவதில்லை. டான்டெஸ் செய்தது சரியா, செழியன் செய்தது சரியா என்று நீங்கள் ஏறி வாதாடுங்கள். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.