வலி என்னும் சான்று



மனித உடலின் அமைப்பே அதனைப் படைத்தவர் ஒருவர் உளர் என்பதற்குச் சான்று எனக் கிறித்தவச் சிந்தனையாளர் பலர் நெடுங்காலமாகக் கூறிவந்துள்ளனர். இவ்வாதத்தின் புகழ்பெற்ற வடிவம், ஆங்கிலத் திருச்சபைக் குரு வில்லியம் பேலி 1802இல் வெளியிட்ட 'இயற்கை இறையியல்' என்னும் நூலில் உள்ளது. வெட்டவெளியில் கடிகாரம் ஒன்று கிடக்கக் காண்பவர், அதனைச் செய்தவர் ஒருவர் உண்டெனத் துணிவார். கண்ணின் நுட்பத்தைக் காண்பவரும் அவ்வாறே துணிதல் வேண்டும் என்றார் பேலி. 1833இல் சார்ல்ஸ் பெல் என்னும் அறுவை மருத்துவர் கை ஒன்றனைப் பற்றியே தனிநூல் எழுதி இக்கருத்தை வலியுறுத்தினார். இளமையில் பேலியை விரும்பிக் கற்ற சார்ல்ஸ் டார்வினோ, 1859இல் வெளியிட்ட தம் நூலில், செய்பவர் ஒருவர் இன்றியே இயற்கைத் தேர்வினால் உறுப்புகளின் பொருத்தம் அமையக்கூடும் என வாதிட்டார். உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர்; நாம் விரிக்க வேண்டுவதில்லை.

டார்வினை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் பேலியின் கடிகாரத்தில் ஒரு நெருடல் உண்டு. அது நன்றாக ஓடும் கடிகாரம். மனித உடலோ நோயுறுவது, சிதைவது. நலமான உடலைக் காட்டிப் படைத்தவரைப் போற்றுதல் எளிது. சிதைந்த உடலின் முன் நின்று அவ்வாறு போற்ற இயலுமா? இவ்வினாவோடு வாழ்நாளைக் கழித்த மருத்துவர் ஒருவர் தமிழ் மண்ணில் பிறந்தவர். அவர் பெயர் பால் பிராண்டு.

கொல்லிமலையில் மறைப்பணி ஆற்றிய ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் அவர் பிறந்தார். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அதன்பின் செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். ஆங்கு, விரல்கள் மடங்கி முடங்கிய நோயாளர் ஒருவரிடம் தம் கையை நீட்டி, இறுகப் பற்றுமாறு கேட்டார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்த மருத்துவர் வலி பொறாது துடித்தார். செயலற்றது என்று எல்லாரும் கைவிட்ட கையில் அத்தனை வலிமை இருந்தது. தமிழில் 'வலி' என்னும் சொல் ஆற்றலையும் குறிக்கும், நோவையும் குறிக்கும். அந்த ஒரு கைப்பிடியில் நோயாளரிடம் இருந்தது முதற்பொருள். மருத்துவர் உணர்ந்தது இரண்டாம் பொருள். நோயாளரோ எதையும் உணரவில்லை.

இதன் காரணத்தை ஆராயும்போது கையின் அமைப்பு விளங்கும். நம் விரல்களுக்குள் அவற்றை இயக்கும் தசைகள் இல்லை. விரல்களை இறுக மடக்கும் வலிய தசைகள் முன்கையில் இருந்துகொண்டு, நீண்ட தசைநாண்கள் வழியாக இழுக்கின்றன. எழுதுகோலைப் பிடித்தல், பொத்தானைப் பூட்டுதல் போன்ற நுண்பணிகளுக்கு உள்ளங்கையின் சிறுதசைகள் துணைபுரிகின்றன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளையே நாடும். ஆதலால் முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அருகே தோலை ஒட்டிச் செல்லும் நரம்புகள் கெடுகின்றன. ஆழத்தில் செல்வன தப்புகின்றன. சிறுதசைகள் செயலிழக்க, முன்கைத் தசைகள் பல வலிமை குன்றாமல் எஞ்சுகின்றன. எஞ்சிய தசையொன்றன் நாணை இடமாற்றித் தைத்து, மடங்கிய விரல்களைப் பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் நிமிர்த்தினர். இரந்துண்டோர் தொழில் செய்யத் தொடங்கினர்.

ஆனால் நிமிர்ந்த கைகளும் மீண்டும் மீண்டும் புண்பட்டன. தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிரும் என்பது அக்காலத்து நம்பிக்கை. பிராண்டு குழுவினர் ஒவ்வொரு புண்ணின் வரலாற்றையும் தேடினர். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியது, இறுகிய பூட்டில் திறவுகோலை மிகையாகத் திருகியது எனப் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் கிடைத்தது. இரவில் சிலருடைய விரல்கள் குறைந்தமைக்கும் விடை தெரிந்தது: உறங்கும்போது எலிகள் கடித்தன; வலி இன்மையால் அவர்கள் விழிக்கவில்லை. அதன்பின், வீடு திரும்பும் நோயாளருக்குப் பூனை ஒன்றும் கொடுத்தனுப்பப்பட்டது. சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளர்க்கெனத் திறக்கப்பட்ட குடியிருப்பை அறிந்த நமக்கு இத்துன்பம் அயல்நாட்டுக் கதையன்று.

1966இல் பிராண்டு அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். வலியைச் செயற்கையாக உண்டாக்கவும் ஆங்கு முயன்றார். அழுத்தத்தை அளக்கும் கருவிகள் கையுறையில் பொருத்தப்பட்டன. ஆபத்து நேரின் காதில் ஒலி எழும். ஒலியை நோயாளர் பொருட்படுத்தாமையால், மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வேலையை முடிக்க விரும்பியபோது நோயாளர் மின்னிணைப்பை அணைத்துவிட்டு வேலையை முடித்தனர். பெரும்பொருள் செலவான பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. வலி நம் கட்டுக்கு அடங்காதது, நம்மைக் கட்டாயப்படுத்துவது. அதனாலேயே அது காக்கிறது என்னும் முடிவுக்குப் பிராண்டு வந்தார். வலிக்காகக் கடவுளுக்கு நன்றி கூறுகிறேன் என்ற கருத்தை அவர் பன்முறை எழுதினார். பிலிப் யான்சியுடன் இணைந்து 1980இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு, உடலின் வியத்தகு அமைப்பைப் பாடும் 139ஆம் திருப்பாடலிலிருந்து எடுக்கப்பட்டது.

இதனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? வலியின் பயனை இயற்கைத் தேர்வு கொண்டும் விளக்கலாம். ஆகவே இது ஐயத்தை முற்றும் அகற்றும் நிறுவல் ஆகாது. மேலும், எச்சரிக்கை முடிந்த பின்னும் ஓயாத வலி உண்டு. புற்றுநோயின் இறுதிநாள்களில் வரும் வலி யாரைக் காக்கிறது? உடலமைப்பைச் சான்றாகக் காட்டும் நூல்கள் பல இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. அஃது அவற்றின் பெருங்குறை என்றே கருதுகிறோம். வழக்குமன்றத்தில் ஆவணமும் உண்டு, கண்டவர் கூறும் சாட்சியமும் உண்டு. பிராண்டு கூறியது இரண்டாம் வகை. கேட்பவர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் கூறுபவர் எங்கு நின்று கூறுகிறார் என்பதற்கு எடை உண்டு. நலமான கண்ணைப் பற்றிப் பேலி எழுதியதினும், விரலிழந்தோர் நடுவில் நின்று வலியைப் போற்றிய பிராண்டின் சொல் கனமுடையது என்பது நம் எண்ணம்.

கிறித்தவ நம்பிக்கை, உடலைப் படைத்தவர் உண்டு என்பதோடு நிற்பதுமில்லை. படைத்தவரே உடல் எடுத்தார், அவ்வுடல் ஆணிகளால் துளைக்கப்பட்டது, உயிர்த்தெழுந்த பின்னும் அத்தழும்புகள் மறையவில்லை என அது கூறுகிறது. தொழுநோயாளர் வழிபாட்டுக் கூட்டம் ஒன்றில் பேச அழைக்கப்பட்ட பிராண்டு, வேறு பொருள் தோன்றாமல் கிறித்துவின் கைகளைப் பற்றியே பேசினார்: தச்சுவேலை செய்த கை, நோயாளரைத் தொட்ட கை, ஆணி துளைத்து முடங்கிய கை. அதுவரை தம் கைகளை ஆடைக்குள் மறைத்து அமர்ந்திருந்தோர், கூட்டம் முடிந்து வணங்க எழுந்தபோது, அக்கைகளை உயரத் தூக்கிக் குவித்தனர்.

இனி, அவையோர் வினாக்களை எழுப்பலாம்.