ஆளே இல்ல, ஆனா உள்ளே வந்துட்டாரு

இன்னைக்கு என் மானத்தை நானே வாங்கிக்கப் போறேன்.

மறைமலை நகர்ல எங்க வீட்டுப் பக்கம் ஒரு டியூஷன் சென்டர். பிள்ளைங்க மார்க்கைப் பெற்றோர் போன்லயே பார்க்க ஒரு ஆப் கேட்டாங்க. நோட் ஜேஎஸ், பிரிஸ்மா வெச்சு செஞ்சு கொடுத்தேன். போன் நம்பரும், சென்டர்ல சீட்டுல எழுதித் தர்ற பாஸ்கோடும் போட்டா லாகின்.

முதல் வாரமே ஒரு அம்மா தன்னோட புது நம்பரைப் போட்டாங்க. அது டேட்டாபேஸ்ல இல்ல. சர்வர் படுத்துடுச்சு! ஏன்னா, தேடின ஆள் கிடைக்கலைன்னா பிரிஸ்மாவோட ஃபைண்ட் யுனிக் எரர் தராது, 'நல்' தரும். நான் அந்த நல்கிட்டயே போய் "உன் பாஸ்கோடு என்ன"ன்னு கேட்டிருக்கேன். அந்த எரரை எங்கேயும் பிடிக்கல. 2020ல வந்த நோட் 15ல இருந்து, பிடிக்காத ப்ராமிஸ் எரர் வந்தா ப்ராசஸே நின்னுடும். ஒருத்தர் நம்பர் இல்லாததுக்கு எல்லாருக்கும் கதவு சாத்தியாச்சு.

இந்த நல் ரெஃபரன்ஸை 1965ல கொண்டு வந்த டோனி ஹோர், 2009ல அதைத் தன்னோட 'நூறு கோடி டாலர் தப்பு'ன்னு சொன்னார். என் தப்பு அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

அவசரத்துல யூசருக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி-புள்ளி போட்டேன். ஆப்ஷனல் செயினிங். எரர் போச்சு, நிம்மதி.

சில நாள் கழிச்சு தாம்பரம் போற எலெக்ட்ரிக் ட்ரெயின்ல என் ஃப்ரெண்டு லேப்டாப்பைத் திறந்தான். இல்லாத ஒரு நம்பரைப் போட்டு, பாஸ்கோடே அனுப்பாம ஒரு ரிக்வெஸ்ட் விட்டான். "மச்சி, நான் உள்ளே இருக்கேன்"னான். கூடுவாஞ்சேரி தாண்டியிருக்கும், எனக்கு வேர்த்துடுச்சு.

யூசர் இல்ல, அதனால இந்தப் பக்கம் அன்டிஃபைண்டு. பாஸ்கோடு வரல, அந்தப் பக்கமும் அன்டிஃபைண்டு. ரெண்டும் சமம், லாகின் ஓகே! டோக்கன்ல ஐடியும் இல்ல. பிரிஸ்மால வேர் கண்டிஷன்ல அன்டிஃபைண்டு போனா, "இந்தக் கண்டிஷனே வேண்டாம்"னு அர்த்தம். அதனால எல்லாப் பிள்ளைங்க மார்க்கும், பெற்றோர் நம்பரும் அவன் ஸ்க்ரீன்ல.

வண்டலூர் வர்றதுக்குள்ள ஆப்பை நிறுத்தினேன். சாயங்காலம் சென்டருக்கு நேர்ல போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அஞ்சு நிமிஷம் மறக்காது.

இப்போ நான் செய்யறது இதுதான். முதல்ல, வந்த நம்பரும் பாஸ்கோடும் நிஜமாவே ஸ்ட்ரிங்கான்னு பார்ப்பேன். தேடினதும் அடுத்த வரியிலயே "யூசர் இருக்காரா?"ன்னு கேட்பேன். இல்லைன்னா அங்கேயே நிராகரிப்பேன். ஆனா "இந்த நம்பர் பதிவாகல"ன்னு சொல்ல மாட்டேன். சொன்னா, யார் யார் பதிவு பண்ணியிருக்காங்கன்னு வெளியாளு ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சுடுவான். ரெண்டுக்கும் ஒரே பதில்: "நம்பரோ பாஸ்கோடோ தவறு."

பாஸ்கோடை அப்படியே வெச்சிருந்தது இன்னொரு பாவம். இப்போ பிகிரிப்ட் ஹாஷ். அது வேணும்னே மெதுவா ஓடும். ஆள் இல்லைன்னு உடனே பதில் சொன்னா, அந்த வேகமே காட்டிக் கொடுத்துடும். அதனால யூசர் இல்லாதப்பவும் ஒரு டம்மி ஹாஷோட ஒப்பிட்டுட்டுத்தான் 'முடியாது'ன்னு சொல்வேன்.

எரர் மறைஞ்சா பிரச்சினை தீர்ந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, நண்பர்களே. இன்னைக்கு ராத்திரி உங்க லாகின்ல இல்லாத ஒரு நம்பரைப் போட்டு, பாஸ்வேர்டை விட்டுட்டு ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!