ஸ்ரோபெரிப் பாத்திக்கு நிறந் தீட்டுதல்

சிறுவர்க்கென அச்சிடப்படும் நிறந் தீட்டும் புத்தகங்களிலே ஸ்ரோபெரிப் பாத்தி அடிக்கடி இடம்பெறும் காட்சியாகும். கறுப்புக் கோட்டினால் வரைந்த இலைகள், இடையிடையே பழங்கள், ஓரத்திலே ஒரு கூடை, அவ்வளவுதான். பிள்ளையின் கை உடனே சிவப்புப் பென்சிலை நாடுகிறது. பழம் யாவும் சிவப்பு, இலை யாவும் பச்சை. ஐந்து நிமிடத்திலே வேலை முடிந்துவிடுகிறது. பழமொன்றை வெள்ளையாக விட்டுவைத்த பிள்ளைக்கோ, "இது பிழை" என்னும் திருத்தம் கிடைக்கிறது.

பிழை யாருடையது? நுவரெலியாவின் குளிர்ந்த மலைப்புறத்திலே இச்செடி பயிராகிறது. அங்கே பாத்தியருகிற் குனிந்து நோக்குவோர்க்கு, ஐந்து வெண்ணிற இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட பூ, பச்சைப் பிஞ்சு, வெளிறிய காய், ஒரு புறம் மட்டும் சிவந்த செங்காய், முற்றக் கனிந்த பழம் ஆகிய யாவும் ஒரே செடியிலே தென்படக்கூடும். இலையோ வில்வத்தைப்போல மும்மூன்றாகப் பிரிந்தது. அதன் ஓரம் அரிவாட் பல்லை நிகர்த்தது. வல்லாரை படர்வதுபோலத் தாய்ச்செடியினின்றும் மெல்லிய தண்டுகள் மண்மேலோடி, ஆங்காங்கே வேரூன்றிப் புதுச்செடிகளாகின்றன. அச்சுப்படங்கள் பலவற்றில் இத்தண்டுகளே இல்லை. பிள்ளை தானே அவற்றை வரைந்து சேர்த்துவிட்டால் யாருக்கு நட்டம்?

பழத்தின் மேலுள்ள புள்ளிகளை விதையென்றே பலரும் கருதுவர். தாவரவியலார் கூற்றுப்படி அப்புள்ளி ஒவ்வொன்றும் தன்னுள் ஒரு விதையைக் கொண்ட சிறு கனியாகும்; நாம் உண்ணும் சிவந்த சதை பூவின் அடிப்பாகம் பருத்ததேயாம். மரமுந்திரிகையிலே கொட்டை வெளியே தொங்குவதை அறிந்தவர்க்கு இது வியப்பன்று.

வெள்ளைப் பழத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலே, கனிந்த பின்னரும் வெளிறியே நிற்கும் ஸ்ரோபெரி வகையொன்று நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வருகிறது. அந்நாட்டுப் பெரும்பழச் செடிகளை 1714ஆம் ஆண்டிலே பிரெஞ்சுப் பொறியியலாளரான பிரெசியே என்பவர் பிரான்சுக்குக் கொணர்ந்தார். அங்கே அவை வடஅமெரிக்கச் செந்நிற வகையோடு கலந்தன. அக்கலப்பின் வழிவந்ததே இன்று தோட்டங்களில் வளரும் ஸ்ரோபெரி.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை இச்செடியைக் கண்டிராமல் இருக்கலாம். அதனாற் குறையில்லை. ஒரு மாலைப்பொழுது மிளகாய்த் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றாற் போதும். அங்கும் வெண்பூ, பச்சைக்காய், நிறம் மாறுங் காய், செம்பழம் என்பன ஒரே செடியில் நிற்கக் காணலாம். அதைப் பார்த்துப் பழகிய கண் ஸ்ரோபெரிப் பாத்தியிலே தடுமாறாது. செங்காய்க்கு முதலில் வெளிறிய மஞ்சளை மெல்லத் தடவி, பின்பு ஒரு புறத்தினின்றும் சிவப்பை ஏற்றி வருதல் நன்று. பச்சையின்மேற் சிவப்பை அழுத்தினால் மண்ணிறமே மிஞ்சும்.

இனி, படத்தின் அடியிலே வெறுமையாய்க் கிடக்கும் நிலம். பழத்திலே சேறு படாதிருக்க ஆங்கில நாட்டுத் தோட்டக்காரர் வைக்கோல் பரப்புவது பழைய வழக்கம். இக்காலத்துப் பாத்திகள் பலவற்றிலோ கறுப்புப் பொலித்தீன் விரிக்கப்படுகிறது. வைக்கோல் மஞ்சளா, பொலித்தீன் கறுப்பா என்பதைப் பிள்ளையே தெரிந்துகொள்ளட்டும்.