கோட்டு போட்டவனும் வெற்றிலை போட்டவனும்

ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-இல்தான். சினிமாவில் வெற்றிலைக்கு மவுசு வந்ததோ 1980-இலேயே, ரஜினி நடித்த ‘பில்லா’வில். இந்தியில் அமிதாப் நடித்த ‘டான்’ படத்தைக் கே. பாலாஜி வாங்கி, ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கத்தில் எடுத்தார். அங்கே பாட்டில் பனாரஸ் பீடா. இங்கே நம் வெற்றிலை.

கதை தெரிந்ததுதான். கடத்தல்காரன் பில்லா போலீசுக்குத் தப்பி ஓடிச் செத்துப்போகிறான். அதே முகச்சாயல் கொண்ட ராஜப்பாவைப் பில்லாவாக்கிக் கும்பலுக்குள் அனுப்புகிறார் டி.எஸ்.பி. அலெக்சாண்டர். இந்த ரகசியம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் செத்துப்போகிறார். இனி ‘நான் பில்லா இல்லை’ என்று ராஜப்பா தொண்டை கிழியக் கத்தினாலும் யார் நம்புவார்? படத்தின் உயிர் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது.

எம்.எஸ். விஸ்வநாதன் ஒரு காரியம் செய்தார். பில்லா பாட்டுக்கு எஸ்.பி.பி. குரல், ராஜப்பாவின் வெற்றிலைப் பாட்டுக்கு மலேசியா வாசுதேவன் குரல். முகம் ஒன்று, ஆள் வேறு என்பது காதிலேயே விழுந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும். வானொலிக்காரன் வேறெப்படிச் சொல்வேன்!

2007-இல் விஷ்ணுவர்தன் இந்தப் படத்தையே அஜித்தை வைத்து எடுத்தார். கதை மலேசியாவுக்குப் போனது, கும்பலின் ரகசிய டைரி போய் பென் டிரைவ் வந்தது. ரகசியம்தான் ஊருக்கே தெரியுமே. அதனால் இயக்குநர் திகிலை விட்டுத் தோரணையைப் பிடித்துக்கொண்டார். கறுப்புக் கோட்டு, கண்ணாடி, அளந்து பேசும் பேச்சு. பில்லாவை மட்டும் வைத்துப் பார்த்தால், என் ஓட்டு அஜித்துக்குத்தான். ரஜினியின் பில்லாவிடம் கொஞ்சம் மேடை நாடக வாசம் உண்டு. அஜித்தோ சும்மா நடந்தாலே பயமாக இருக்கிறது.

ஆனால் அதுவே வினையாகவும் போயிற்று. ராஜப்பாவின் இடத்தில் இங்கே பிக்பாக்கெட் வேலு. அவன் வந்ததும், ‘இவன் எப்போது கோட்டை மாட்டுவான்’ என்றுதான் மனம் காத்திருக்கிறது. ராஜப்பா மாட்டிக்கொள்வானோ என்று பதறினோமே, அந்தப் பதற்றம் வேலுவுக்காக வரவில்லை. யுவன் சங்கர் ராஜா பழைய பாட்டு இரண்டையும் ரீமிக்ஸ் செய்தார். பில்லா பாட்டு கச்சிதமாகப் பொருந்தியது. வெற்றிலைப் பாட்டில் தாளம் இருந்தது, வெகுளித்தனம் இல்லை.

2012-இல் ‘பில்லா 2’ வந்தது. இலங்கையிலிருந்து அகதியாக வரும் டேவிட், பில்லா ஆன கதை. அதில் ராஜப்பாவும் கிடையாது, வேலுவும் கிடையாது. இரட்டை வேடமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.