இரண்டு அரசர்களை மறுத்தவர்



வேதாந்தம் படிக்க எங்கெங்கிருந்தோ துறவிகள் வந்து தங்கிய ஊர் இந்தக் கோவிலூர். முத்துராமலிங்க ஞானதேசிகர் தொடங்கிய மடத்தின் நிழலில் என்னை நிறுத்தி, கிறித்தவர்கள் நம்பும் இறையாட்சியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சீவனும் பிரமமும் ஒன்றே என்று பாடம் கேட்ட மண்ணில், ஆண்டவர் வேறு, அடியார் வேறு, ஆளுகை முழுதும் அவருக்கே என்ற நம்பிக்கையை எடுத்துவைக்க வேண்டும். துணிச்சல்தான். ஆனாலும் 'அவனன்றி ஓரணுவும் அசையாது' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாதித் தூரம் வந்துவிட்டோம்.

மீதித் தூரத்துக்கு ஓரியூர் வரை வாருங்கள். தேவகோட்டையும் திருவாடானையும் தாண்டினால் வந்துவிடும்.

லிஸ்பன் நகரில் 1647-ல் பிறந்தவர் ஜான் தெ பிரிட்டோ. அரண்மனையில் இளவரசர் பெத்ருவோடு வளர்ந்தவர். மதுரை மிஷனுக்கு வந்து காவி உடுத்திப் பண்டார சுவாமியாக நடந்தார்; நம் மக்களுக்கு அருளானந்தர் ஆனார். 1686-ல் மறவர் நாட்டில் அவரைப் பிடித்து வதைத்தார்கள். 'இனி இங்கே போதிக்காதே' என்று சொல்லி விடுவித்தார் அந்நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி. போர்த்துக்கல் போனார். அங்கே பழைய தோழர் பெத்ரு அரசராக இருந்தார். 'இங்கேயே இரு' என்றார். ஓர் அரசர் வராதே என்கிறார், இன்னோர் அரசர் போகாதே என்கிறார். இருவர் சொல்லையும் கேட்கவில்லை மனிதர். 1690-ல் திரும்பி வந்துவிட்டார்!

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் கிறித்தவரானார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அந்தப் பெண்ணுக்கு என்ன வழி என்று வரலாறு எழுதிய யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். கிழவன் சேதுபதியும் சாமானியரல்லர். போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர், மதுரை நாயக்கருக்கே அடங்காதவர். அவர் கோபம் குடும்பத்துக் கோபம், அரசியல் கோபமும்கூட. அந்தக் கோபம் அருளானந்தரை ஓரியூர்க் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனது.

சாவுக்கு முதல் நாள், கரியைத் தண்ணீரில் கரைத்து மையாக்கித் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார் அருளானந்தர். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன். கழுத்தில் தொங்கிய புனிதப்பொருள் சிமிழை மந்திரமோ என்று அஞ்சிக் கையால் தொடாமல், வாளாலேயே அறுத்தானாம் கொலையாளி. அடுத்த வீச்சில் தலை விழுந்தது.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அணுவும் அசையாது என்றால் அந்த வாள் மட்டும் எப்படி அசைந்தது?

கிறித்தவர்களிடம் இதற்கு ஒரே பதில் கிடையாது. கால்வின் வழியினர், வாளும் இறைத்திட்டத்துக்கு உட்பட்டதே என்பார்கள். வெஸ்லி வழியினர், மனிதருக்குத் தந்த சுதந்திரத்தை மனிதர் கெடுத்துக்கொண்டார்கள் என்பார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இரு தரப்பினரும் ஒரே சபையானார்கள். வழக்கு தீரவில்லை, பெஞ்சு மட்டும் ஒன்றானது! அதே ஆண்டு ஜூனில் ரோமாபுரியில் அருளானந்தரைப் புனிதராக அறிவித்தார்கள்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வாள் எப்படி அசைந்தது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் வாளை வைத்திருந்தவரின் சொல் கடைசிச் சொல்லாகவில்லை. பிலாத்துவின் முன் கட்டுண்டு நின்ற இயேசு, உமது அதிகாரமே மேலிருந்து வந்த இரவல் என்ற பொருளில்தான் பதில் சொன்னார். இறையாட்சி என்ற நம்பிக்கையின் முதுகெலும்பு அதுதான். போதிக்காதே என்ற சேதுபதியின் ஆணை என்ன ஆயிற்று? இன்றைக்கும் ஓரியூரில் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசுகிறார்கள், அவர்களில் பலர் ஞானஸ்நானமே பெறாதவர்கள்.

கிறித்தவ அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும். நான் வைத்ததே சட்டம் என்று ஒரு பெரிய மனிதர் பேசும்போது மட்டும் எழுந்து நின்று, உமக்கு மேலே ஒருவர் இருக்கிறார் ஐயா என்று சொல்லுங்கள்.